சிவக்காத கட்டம்

இந்த அறையின் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடுகிறது, மேடம். வாக்குமூலத்தில் நேரம் போடும்போது அந்த நான்கைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் பிறகு யாராவது கிளம்பி வந்து, அந்த அம்மா சொன்ன நேரமும் தாளில் இருக்கிற நேரமும் இடிக்கிறதே என்று உங்களைக் கேட்பார்கள். எண்கள் ஒன்றோடொன்று இடித்தால் எனக்குக் கை பரபரக்கும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

நேற்றே சென்னையிலிருந்து வந்துவிட்டீர்களாமே. லாட்ஜில் இடம் கிடைத்ததா? தீபம் ஏற்றிப் பத்து நாள் ஆகிறது, ஆனால் மலை உச்சியில் அது எரிகிறவரைக்கும் இந்த ஊரில் கூட்டம் குறையாது. ஆசிரமப் பக்கம் தங்கியிருந்தால் காப்பி நன்றாக இருக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்காகப் போடுவது. சர்க்கரை கேட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் திரௌபதி. வயது அறுபத்து மூன்று. வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் நீர்மட்டத் தகவல்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். என் மேல் இருக்கும் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மென்பொருள் என் கைக்கு மட்டும்தான் அடங்கும். சின்ன வயசுக்காரர்கள் உட்கார்ந்தால் திரையில் கட்டம் கட்டமாகச் சிவந்துவிடும். நான் உட்கார்ந்தால் சிவக்காது. அதற்காக எனக்கு இரண்டு தடவை கேடயம் கொடுத்தார்கள். ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்னொன்றை அலுவலகக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

எங்கள் ஆற்றுக்கு வரைபடத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் மண்ணாறு என்பார்கள். வருஷத்தில் பதினோரு மாதம் அதில் மணல்தான் ஓடும், அதுவும் லாரியில் ஓடும். கார்த்திகையில் மட்டும், தான் ஓர் ஆறு என்பது அதற்கு ஞாபகம் வரும். அந்த ஞாபகம் எந்த மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று எழுதுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

வேலை பெரிய வித்தை இல்லை. ஆற்றின் மேல் ஒன்பது இடத்தில் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள். பாலத்தூணில் மீட்டர் மீட்டராகப் பெயிண்ட் அடித்த கோடு. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஆள். மழை நாளில் மணிக்கு ஒரு தடவை அவர் கோட்டைப் பார்ப்பார், தன் நோட்டில் எழுதிக்கொள்வார், எனக்குப் போனில் சொல்வார். நான் கட்டத்தில் போடுவேன். போட்ட நொடியில் அது மேலே இருக்கிற எல்லோருடைய திரையிலும் தெரியும். 'நிகழ்நேரத் தகவல்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகை நல்ல தேக்கு.

அந்த மென்பொருளுக்கு இரண்டு குணம் உண்டு. தண்ணீர் இரண்டரை மீட்டரைத் தாண்டினால் கட்டம் மஞ்சளாகும். மேலிடத்துக்கும், கீழே தரைப்பாலத்தில் நிற்கும் போலீசுக்கும் செய்தி போகும், அவர்கள் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்துவார்கள். அது மரியாதையான நிறம், யாரையும் ஒன்றும் கேட்காது. ஆனால் தண்ணீர் ஒரே மணி நேரத்தில் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் எகிறினால் கட்டம் சிவந்துவிடும். அதே செய்திதான் போகும், கூடவே ஒரு பெட்டி திறக்கும். 'காரணம் கூறுக' என்று இருக்கும். ஆற்றைப் பார்த்துக் கேட்காது. என்னைப் பார்த்துக் கேட்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கட்டத்தைச் சிவக்க விட்டேன். ஓர் இடத்து ஆள் இரண்டு நாற்பது என்று சொல்ல வேண்டியதை நாலு இருபது என்று சொல்லிவிட்டார். சொன்னதை அப்படியே போட்டேன். உடனே இரண்டு கிராமத்து ஜனங்களை எழுப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வெள்ளம் வரவில்லை. ஜனங்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு, வாங்கிக் கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் பிரச்சினையாகிவிட்டது. யாராவது நான்கு பேர் அடித்துக்கொண்டு போயிருந்தால், 'முன்கூட்டியே எச்சரித்த பெண் ஊழியர்' என்று பத்திரிகையில் படம் வந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாததால் பதினோரு மாதம் விளக்கம் எழுதினேன். ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. எனக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் நிரவல் போட ஆரம்பித்தேன்.

நிலத்தை நிரவுகிறோமே, மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளுவது, அதேதான். ஒரு மணியில் தொண்ணூறு சென்டிமீட்டர் ஏறியிருந்தால், இந்தக் கட்டத்தில் ஐம்பது போடுவேன், மீதி நாற்பதை அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்வேன். எண் எங்கேயும் போகவில்லை பாருங்கள். ஒரு சென்டிமீட்டரைக்கூட நான் எடுத்துக்கொண்டதில்லை. கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். இந்த ஊரில் எது சரியான நேரத்துக்கு வருகிறது?

மாதக் கடைசியில் ஒன்பது இடத்து ஆட்களும் நோட்டைக் கொண்டுவருவார்கள். அதில் உண்மையான எண் இருக்கும். நான் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். கணினியை எல்லோரும் பார்த்தார்கள். நோட்டை ஒருவரும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் ஆள் நீங்கள்தான். அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன்.

இப்போது தீபத்தன்று காலை.

எட்டு மணிக்கு உதவிப் பொறியாளர் சுரேஷ்குமார் வந்தார். அவருக்கு அன்று கோயில் பக்கம் கூட்ட வேலை. கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது. வாசலில் நின்றபடியே பேசினார்.

"திரௌபதிம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் செவப்பு கிவப்பு காட்டிடாதீங்க. வெளியூர் வண்டியெல்லாம் கீழ்நெய்வாடி தரப்பாலம் வழியாத்தான் திருப்பி வுட்டிருக்காங்க. அத மூடினா டவுனே நின்னுடும்."

"தண்ணி வந்தா சார்?"

"வரட்டும்மா. யாரு வேணாம்னா? படிப்படியா வரட்டும்."

அவர் இப்படிச் சொன்னார் என்று நான் அவர் மேல் பழி போட மாட்டேன். சொன்னார், ஆனால் பழி போட மாட்டேன். நீங்கள் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்பார், அதையும் நான் மறுக்கப் போவதில்லை. குடும்பஸ்தர்.

இடம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மேல்நெய்வாடியில் பாலம் இருக்கிறது. அங்கே அளவு பார்ப்பவன் காசி. அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர் கீழே கீழ்நெய்வாடித் தரைப்பாலம், ஆற்று மணலோடு ஒட்டிப் படுத்திருக்கும். டவுனிலிருந்து அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அதுதான் குறுக்கு வழி. மேல்நெய்வாடியில் ஏறின தண்ணீர் தரைப்பாலத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இது எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ஆற்றில் கோடு போட்டு, காசிக்கு நோட்டுக் கொடுத்து, எனக்குக் கணினி கொடுத்து, தேக்குப் பலகையும் மாட்டியிருக்கிறார்கள்.

காசிக்கு ஐம்பது வயசு இருக்கும். பதினாறு வருஷமாக அளவு சொல்கிறான். என்னை அக்கா என்பான். அவன் மகள் கவிநிலா டவுனில் நர்சிங் படித்தாள், விடுதியில் இருந்தாள். ஒரே பெண், தாய் இல்லை. அவள் பிளஸ் டூவில் எத்தனை மார்க் என்று எனக்குத் தெரியும். அளவு சொல்கிற சாக்கில் எல்லாவற்றையும் சொல்வான்.

ஒன்பது மணிக்கு மேல்நெய்வாடியில் ஒன்று இருபது. பத்து அடித்ததும் போன் வந்தது.

"அக்கா, காசி பேசறன். மூணு பத்துக்கா."

"எவ்ளோ?"

"மூணு மீட்டர் பத்து. ரெண்டு தபா பாத்துட்டேன். மேல எங்கியோ ஏரி ஒடஞ்சிகீது போல. தண்ணி செம்மண்ணா வருது, மரம் மட்டையெல்லாம் அடிச்சிகினு வருது."

"நெதானமா பாரு காசி. ஒன்னு எழுவதா இருக்கப் போவுது."

"ஒன்னு எழுவது கோடு எங்க கீதுன்னே தெரியலக்கா. நீங்க வேணா வந்து முங்கிப் பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பயந்தால் சிரிக்கிற ஆள்.

"அக்கா, போன்ல ரெண்டு பர்சென்ட்தான் கீது. நேத்துலேர்ந்து ஊர்ல கரண்ட் இல்ல. கவிநிலா பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோல கெளம்பறேன்னுச்சி. தரப்பாலம் வழியாத்தான் வரும். நம்பர் சொல்றன், எழுதிக்கங்க. இன்னைக்கு ஆஸ்டல்லயே இருன்னு சொல்லிடுங்க. ஆபீசுக்கு மொதல்ல சொல்லணும்னுதான் அவளுக்குப் போடாம ஒங்களுக்குப் போட்டேன்."

"சொல்லு."

சொன்னான். எழுதிக்கொண்டேன். பத்தாவது எண்ணைச் சொல்லும்போதே தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் பத்தும் வந்துவிட்டது. ஏழா ஒன்றா என்ற சந்தேகம்கூட இல்லை. காசிக்கு எண்கள் சுத்தமாகச் சொல்ல வரும்.

அவன் எதற்காக அங்கேயே நின்றான் என்று நேற்று யாரோ கேட்டார்களாம். வெள்ள நாளில் அளவு பார்ப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. விதியை அவனுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினவள் நான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒன்று இருபதிலிருந்து மூன்று பத்து. ஒரே மணியில் ஒன்றே தொண்ணூறு. சிவப்பிலேயே அது கருஞ்சிவப்பு. அதை நிரவினேன். பத்து மணிக்கு ஒன்று எழுபது. பதினோரு மணிக்கு இரண்டு இருபத்தைந்து. பன்னிரண்டுக்கு இரண்டு எண்பது. வரைபடத்தில் பார்த்தால் கோயில் படிக்கட்டு மாதிரி, வயசானவர்கள்கூட மூச்சு வாங்காமல் ஏறலாம். பத்து மணி ஏழு நிமிடத்துக்கு முதல் எண்ணைப் போட்டேன். கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

அப்புறம் கவிநிலாவின் எண் எழுதிய தாளை எடுத்தேன்.

இதை நான் யோசிக்காமல் விட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நன்றாக யோசித்தேன். அலுவலகத்தில் பத்து மணிக்கு ஒன்று எழுபது என்று எழுதியிருக்கிறது. எழுதினவள், எழுதின மை காய்வதற்குள் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, வெள்ளம் வருகிறது, தரைப்பாலம் பக்கம் வராதே என்று சொல்கிறாள். அந்தப் பெண் விடுதியில் பத்து பேரிடம் சொல்வாள். பத்தில் ஒருத்தி அதை வாட்ஸப்பில் போடுவாள். மேலிடத்திலிருந்து கூப்பிட்டு, 'உங்க கட்டத்துல ஒன்னு எழுவதுதான இருக்கு, அந்தப் பொண்ணுக்கு மட்டும் எந்த ஆத்துல வெள்ளம் வந்துச்சி' என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஓர் எண் போட்டால் அதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும். தாளை மடித்து ஸ்டேப்ளர் டப்பாவுக்குக் கீழே வைத்தேன்.

பதினோரு மணிக்கு வேறோர் எண்ணிலிருந்து காசி கூப்பிட்டான். பால் வண்டிக்காரர் போன்.

"அக்கா, மூணு அறுவதுக்கா. தரப்பாலத்த மூடிட்டாங்களா?"

"ஆச்சி."

"கவிநிலாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஆச்சி காசி. நீ அளவப் பாரு."

"அப்ப சரிக்கா. இவுரு கெளம்பணும்னு நிக்கறாரு. அவளுக்கு ஒரு போன் போட்டுட்டுக் குடுக்கலாம்னு பாத்தேன். நீங்களே சொல்லிட்டீங்க, போதும்."

அந்த 'ஆச்சி'யை நீங்கள் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டினவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆச்சு என்பது பதில் இல்லை. போனை வைக்கிற முறை. கோப்பு போச்சா? ஆச்சு. அனுமதி வந்ததா? ஆச்சு. அது வராது என்பது கேட்டவனுக்கும் தெரியும். காசி ஒருத்தன்தான் அதை நம்பினான். அவன் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவன் இல்லையே.

பதினோரு மணிக்கு இரண்டு இருபத்தைந்து போட்டேன். வெள்ளை.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தரைப்பாலத்தில் தண்ணீர் வந்தது. அதற்குச் சற்று முன்னால் ஒரு பேருந்து தாண்டிப் போயிருக்கிறது. அடுத்து வந்தது ஷேர் ஆட்டோ. ஓட்டுநரோடு சேர்த்து ஏழு பேர். கயிறு கட்ட வேண்டிய இரண்டு போலீஸ்காரர்களும் கயிற்றின் மேலேயே உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். அவர்களுக்குச் செய்தி வரவில்லை.

செய்தி பன்னிரண்டு மணிக்குப் போனது. நான் இரண்டு எண்பது போட்டதும் கட்டம் மஞ்சளானது. மேலிடத்தில் எல்லோருக்கும் போனது, போலீசுக்கும் போனது. ஒரு நொடி தாமதம் இல்லை. அந்த மென்பொருள் மேல் யாராவது குற்றம் சொன்னால் நானே வந்து சாட்சி சொல்வேன். கொடுத்த எண்ணுக்கு அது மிகச் சரியாக வேலை செய்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏற்றினார்கள். அலுவலக மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். அப்போது ஐந்து உடல்தான் கிடைத்திருந்தது. கவிநிலா ஆறாவது. மறுநாள் காலையில், நான்கு கிலோமீட்டர் கீழே, சீமைக்கருவேல மரத்தில் தடுத்து நின்றிருந்தாள்.

இரண்டாம் நாள் விளக்கம் கேட்டார்கள். இந்தத் தடவை ஆற்றில் போனது மனுஷர்கள் என்பதால் ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. நான் எழுதின பதில் உங்கள் முன்னால் இருக்கிறது. 'மேல்நெய்வாடியிலிருந்து கிடைத்த அளவு நம்பத்தகுந்ததாக இல்லை. பண்டிகை நாள் என்பதால் அளவெடுப்பவர் எந்த நிலையில் இருந்தார் என்பது தெரியவில்லை.' காசி குடித்திருந்தான் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அவன் டீக்குக்கூட சர்க்கரை போடாத ஆள். நான் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். படித்தவர்கள் அவரவர் கையால் நிரப்பிக்கொண்டார்கள். நிரவல் எனக்கு மட்டும் தெரிந்த வேலை இல்லை, மேடம்.

அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஏழு பேர் சாவுக்கும் அவன் பேர் அடிபட்டது. சொந்த மகளையே குடித்துவிட்டுக் கொன்றவன் என்று அவன் ஊரிலேயே பேசினார்களாம். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போனாராம். ஜனங்களுக்குத் தகவல் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது பாருங்கள். நமக்குத்தான் அந்தத் திறமை இல்லை.

நான்காம் நாள் அவன் அலுவலகத்துக்கு வந்தான். மொட்டை அடித்திருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். அவன் பிளாஸ்டிக் பையில் சுற்றின நோட்டை எடுத்து என் மேசை மேல் வைத்தான். வேலையிலிருந்து நிறுத்தினால் நோட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

"ஒக்காரு காசி."

"இல்லக்கா, இருக்கட்டும். ஒன்னே ஒன்னு கேக்கணும். நீங்க போன் போட்டப்போ அவ எடுத்தாளா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுரேஷ்குமார் ஜன்னலைப் பார்த்தார்.

"ரிங் போச்சி காசி. எடுக்கல. ரெண்டு தபா போட்டேன்."

"அவ அப்டித்தாங்க்கா. போன பையில போட்டு மேல துணிய வெச்சி அமுக்கிக்குவா. நான் போட்டாலும் எடுக்க மாட்டா." பிளாஸ்டிக் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். "நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. ஒங்க மேல இன்னா தப்பு கீது."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். நோட்டில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தேன். பூட்டினேன். தீபத்தன்று பத்து மணிக்கு நேராக மூன்று பத்து என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'அக்காவிடம் சொன்னேன்.'

அந்தப் பெண்ணின் போனைச் சேற்றிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்கிறீர்கள். அதற்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பும் போகவில்லை என்று போன் கம்பெனியிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். போகவில்லைதான். போயிற்று என்று நான் உங்களிடம் சொல்லவில்லையே. காசியிடம்தான் சொன்னேன். மகளை இழந்தவனிடம் வேறு என்ன சொல்வது? அவன் மனசு ஆறுவதற்காகச் சொன்னது. அதையும் குற்றப்பட்டியலில் சேர்க்கிறீர்கள் என்றால் உங்களுக்கு மனுஷத்தன்மை கொஞ்சம் கம்மி என்றுதான் சொல்வேன்.

இப்போது கடைசிக் கேள்வி. காலையிலிருந்து மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். காசி சொன்ன அளவை நான் உண்மையிலேயே நம்பவில்லையா, இல்லை நம்பிக்கொண்டேதான் மாற்றிப் போட்டேனா. நம்பவில்லை என்றால் அது கவனக்குறைவு, ஒப்பந்தம் போகும். நம்பினேன் என்றால் வேறு பிரிவு. சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

என் விளக்கத்தில் நம்பவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். அதிலேயே நின்றுவிடலாம் என்று நேற்றுவரை எண்ணியிருந்தேன். ஆனால் நீங்கள் என் சொந்தக் கைப்பேசியின் பட்டியலையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஓர் அழைப்பு, ஐம்பத்திரண்டு நொடி. அது யாருடைய எண் என்று நீங்களே விசாரித்திருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் வர வேண்டும், அப்படித்தானே?

என் மகள் எழிலரசி. வீடு அடி அண்ணாமலையில். மாமியார் வீடு கீழ்நெய்வாடி. தீபத்துக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்று பேரனை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிக்கொண்டிருந்தாள். அது குடும்ப விஷயம். அலுவலக நேரத்தில் சொந்த அழைப்பு செய்தது தவறு என்றால், அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

பேசினதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இதில் நிரவல் இல்லை.

"எழிலு, தரப்பாலம் பக்கம் போவாத. ஊட்லயே இரு."

"ஏம்மா? வண்டிய எடுத்துட்டேன். புள்ள ஏறி நிக்கறான்."

"எறக்கு அவன. தண்ணி வருது. பெரிய தண்ணி."

"டிவில ஒன்னும் சொல்லலியே. ஒனக்கு யாரு சொன்னாங்க?"

"காசி சொன்னான். மூணு பத்தாம்."

"அந்தாளு தப்பா கிப்பா பாத்திருக்கப் போறாரும்மா."

"காசி தப்பா பாக்க மாட்டான். பதினாறு வருஷமா பாக்கறன்."

"அப்ப அந்த வழியா போற மத்தவங்க? யாராவது சொல்லணுமே."

"அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க. நீ வண்டிய உள்ள வை."

எல்லோரும் தீப வேலைக்குப் போயிருந்தார்கள், மேடம். அந்த நேரத்தில் ஆபீஸில் நான் ஒருத்திதான் இருந்தேன்.